சத்தம் நின்றால் என் முறை

பொள்ளாச்சிக் கடையில் வைத்தால் என் கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக ஓடும். காலையில் போட்டால் கடை சாத்துகிற வரைக்கும் ஓடும். அதே பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, கேரள எல்லை தாண்டி மீனாட்சிபுரத்துக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்து வேலையைத் தொடங்கினேனோ இல்லையோ, பட்டென்று அணைந்துவிடும். திரை கறுத்துப்போகும், விசிறி நிற்கும், அவ்வளவுதான். என்ன கோளாறு என்று ஒரு வரி எழுதிக் காட்டாது. மறுபடி பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரித் திறந்துகொள்ளும். அதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

"இங்க ஒருக்காகூட அணையலீங்க்கா" என்று கடைக்காரர் சொன்னபோது, "அப்ப நான் வேலைவெட்டி இல்லாம இதையச் சுமந்துட்டு வர்றனுங்களா?" என்று கேட்டேன். அவர் பாவம், டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தும் என் கோபம் தணியவில்லை.

நான் வீடு வரைகிறவள். சிவில் டிப்ளமோ முடித்த கையோடு கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள். பொள்ளாச்சியிலும் கேரளச் சித்தூரிலும் இருக்கிற இஞ்சினியர்கள் பிளானை அனுப்புவார்கள். கட்டி முடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று நான் கம்ப்யூட்டரில் படமாக்கிக் கொடுப்பேன். முன்னால் ஒரு படம் இருந்தால் போதும். இப்போது எல்லாருக்கும் வீடியோ வேண்டும். வாசலில் நுழைய வேண்டும், ஹாலைச் சுற்ற வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும், அஸ்திவாரமே தோண்டாத வீட்டில் பூஜையறை விளக்கு எரிய வேண்டும். இந்த மாதிரி வீடியோவைச் செய்து முடிக்க என் பழைய கிராபிக்ஸ் கார்டு நாள் முழுக்க முக்கும். அதற்காகத்தான் பெரிய கார்டாக ஒன்று வாங்கிப் போட்டேன். போட்ட வாரமே இந்தச் சனியன் பிடித்தது.

எங்கள் வீட்டில் முதலில் என் வேலை ஒரு உபரி வேலை. வீட்டை ஓட்டியது பால்மாடுதான். வீட்டுக்காரருக்கு மாடு என்றால் உயிர். விடியும் முன்னால் கட்டுத்தறியில் இருப்பார். சோளத்தட்டுப் போரைப் பிரித்து, உதறி, மெசினில் வெட்டிப் போடுவார். மழையில் நனைந்த தட்டு உள்ளே பூசணம் பிடித்திருக்கும். உதறும்போது வெள்ளையாகத் தூள் பறக்கும். "மூஞ்சியில துணியைக் கட்டிக்கோங்க மாமா" என்று நான் கத்துவேன். "அது மாட்டுக்கே ஒண்ணும் பண்றதில்ல, எனக்கு என்ன பண்ணப்போகுது" என்பார். பல வருஷம் அந்தத் தூளை மூச்சோடு இழுத்திருக்கிறார். இருமல் வந்தது, போகவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டது என்றார். இனி அது பஞ்சு மாதிரி விரியாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வேண்டும் என்றார்.

அப்படித்தான் ஆக்ஸிஜன் மெசின் வீட்டுக்கு வந்தது. சிலிண்டர் இல்லை, கரண்டில் ஓடுகிற பெட்டி. வீட்டுக் காற்றையே இழுத்து, ஆக்ஸிஜனைப் பிரித்து, மூக்கில் மாட்டுகிற குழாய் வழியாக அனுப்பும். கரண்டு போனால் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் மூலையில் நிற்கும். தூங்கும்போது கட்டாயம் வேண்டும், பகலிலும் முக்கால்வாசி நேரம் வேண்டும், விட்டு விட்டுப் போட்டால் இதயம் கெட்டுவிடும் என்று டாக்டர் என்னிடம் திருப்பித் திருப்பிச் சொன்னார். மாடுகளை விற்றோம். விற்ற அன்று அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். எனக்கு மாடென்றாலே ஆகாது. சாணி வாசம் குடலைப் பிரட்டும். ஆனாலும் வண்டியில் ஏற்றியபோது தேம்பித் தேம்பி அழுதேன். அவர் கயிறுகளைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீடு என் கம்ப்யூட்டரில் ஓடியது. அவர் மூச்சு அந்தப் பெட்டியில் ஓடியது. இரண்டும் ஒரே அறையில்தான். வீட்டுக்குள் படியேறி இறங்க அவருக்கு முடியாது என்பதால், களத்து மட்டத்தில் சோளத்தட்டு அடுக்கி வைத்திருந்த பழைய அறையைச் சுத்தம் பண்ணி, நடுவில் ஹாலோபிளாக் சுவர் வைத்து இரண்டாக்கினோம். அந்தப் பக்கம் அவர் கட்டில். இந்தப் பக்கம் என் மேசை. கூப்பிட்டால் கேட்கும், ஆனால் பார்க்க முடியாது.

புதுக் கார்டு பெரிய சத்தக்காரி. சும்மா இருக்கும்போது மூச்சு விடாது. வீடியோவைச் செய்யத் தொடங்கினால் அதன் விசிறிகள் இரைகிற இரைச்சலில் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டர் ஆடும். முதல் நாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏம்புள்ள, ஏரோபிளேன் வாங்கிட்டியா?" என்றார். "ஆமாங்க, ஏறிக்கறீங்களா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் அவருக்கு இருமல் வரும், அதனால் நான் சீக்கிரம் நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கே முதல் தடவை அணைந்தது.

சூடாகிறது என்று நினைத்தேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் பேனை அதன் வாயிலேயே வைத்தேன். அணைந்தது. கார்டுக்கான டிரைவர் சாப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அணைந்தது. பழைய கார்டைத் திரும்ப மாட்டினால் அணையவில்லை. அப்படியென்றால் புதுக் கார்டுதான் குற்றவாளி. ஆனால் அதே கார்டு கடையில் ஓடுகிறதே! கடைக்காரர், வீட்டில் இருக்கிற சின்ன யுபிஎஸ் இந்த லோடைத் தாங்காது, அதை எடுத்துவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள் என்றார். செருகினேன். ஒரு நாள் பொறுத்துக்கொண்டு ஓடியது, மறுநாள் அணைந்தது. உள்ளே இருக்கிற பவர் பெட்டி போதாது, அதுதான் கார்டு ஒரேயடியாகக் கரண்டை இழுக்கும்போது கையை விரித்துவிடுகிறது என்றார். பெரிய பவர் பெட்டி வாங்கிப் போட்டேன். அதற்கும் அணைந்தது. திரையின் ஓரத்தில் கார்டின் சூடு, விசிறியின் வேகம், கரண்டு இழுக்கும் அளவு எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைத்துக்கொண்டு, அதையே முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். காய்ச்சல்கார நோயாளியைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சரியாக இருக்கும்போதே அணையும்.

ஒரு நாள் கோபத்தில் பெட்டியை ஓங்கி அறைந்துவிட்டேன். கை விண்ணென்று வலித்தது.

"அதைய எதுக்கு அடிக்கற?" என்றார் சுவருக்கு அந்தப் பக்கம்.

"நீங்க சும்மா படுங்க. இங்க என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான்" என்றார். சண்டைக்கு வராத மனுஷர். அதுவும் எனக்கு எரிச்சல்.

அந்த வாரம் சித்தூர் இஞ்சினியர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய வீடியோ, பாதிக்கு மேல் போய்ப் போய் அணைந்தது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. அவர் போனில் கத்தவில்லை, "வேற ஆளைப் பார்த்துக்கறேங்க" என்று மட்டும் மரியாதையாகச் சொன்னார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். போனை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். சத்தம் வரக்கூடாது என்றுதான் அழுதேன். ஆனால் ஹாலோபிளாக் சுவரில் எந்த ரகசியமும் தங்காது. அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது.

மறுநாள் பெட்டியைக் கடைசித் தடவையாகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, கார்டுக்குப் போகிற கேபிளை மாற்றி, இதற்கு மேல் எனக்குத் தெரியாதுங்க்கா என்று கைகூப்பினார். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். அணையவில்லை. சாயங்காலம் வரை ஓடியது. மறுநாளும் ஓடியது. அந்த வாரம் முழுக்க ஓடியது. அந்தக் கேபிளுக்குத்தான் எல்லாப் பெருமையையும் கொடுத்தேன். கடைக்காரருக்குப் போன் போட்டு, முன்னால் பேசியதற்கெல்லாம் சேர்த்து நாலு நல்ல வார்த்தை சொன்னேன். சித்தூர் இஞ்சினியரும் திரும்பி வந்தார். சுவரைத் தட்டி, "மாமா, பிசாசு எறங்கிருச்சுங்க" என்றேன். "அப்பாடா" என்றார்.

அப்புறம் சில மாதங்கள் நான் வேலை பார்த்தேன் பாருங்கள், அப்படி என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஒரு வீடு முடிந்தால் அடுத்த வீடு. விசிறி இரைந்துகொண்டே இருக்கும். வீடியோ முடிந்து சத்தம் அடங்கியதும் எழுந்து போய் அவரைப் பார்ப்பேன். மூக்கில் குழாய் இருக்கும், மெசின் பச்சை விளக்கு எரிய, பொஸ் பொஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும். விரலில் கிளிப்பை மாட்டி ஆக்ஸிஜன் அளவைப் பார்ப்பேன். காலையிலும் அப்படித்தான், சாயங்காலமும் அப்படித்தான். கொஞ்சம் குறைவாகக் காட்டினாலும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிவிடும்.

ஆனால் ஆள் சரியில்லை. பாதம் வீங்கத் தொடங்கியது. அமுக்கினால் குழி விழுந்தது. பகலெல்லாம் தூங்கி வழிந்தார். ஒரு நாள், விற்றுவிட்ட சினை மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்டார். நான் சும்மா கேட்கிறார் என்று நினைத்து, "காட்டியாச்சுங்க, உங்களைத்தான் கேட்டுச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். மெசின் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். போடுகிறோம் என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார். நீர் இறங்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எங்கள் பக்கம் போன் பேசுவது ஒரு தனி வித்தை. எல்லை ஓரம் என்பதால் போன் ஒரு நிமிஷம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், மறுநிமிஷம் கேரளா டவருக்குத் தாவும், நடுவில் பேச்சு அறுந்துபோகும். அன்று மத்தியானம் வீடியோ பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு இஞ்சினியர் கூப்பிட்டார். அறைக்குள் ஒன்றும் கேட்கவில்லை. விசிறி இரைய இரைய அப்படியே விட்டுவிட்டுக் களத்துக்குப் போனேன். வேலை ஓடும்போது நான் எழுந்து போகிறதே இல்லை. பேசிக்கொண்டே நடந்தவள் வீட்டுக்காரர் அறை ஜன்னலைத் தாண்டினேன்.

உள்ளே அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. மெசினில் பச்சை விளக்கு எரியவில்லை.

கரண்டு போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை, தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது, என் அறையில் கார்டு கத்துகிறது. போனைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. நகமும் அப்படியே. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்க மூச்சை வாங்கிக்கொண்டிருந்தார். கை மெசினின் சுவிட்சுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. நான் சுவிட்சைப் போட்டேன். மெசின் ஓடத் தொடங்கியது. அடுத்த அறையில் என் கார்டின் இரைச்சல் பட்டென்று நின்றது.

அவர் முகம் வாடிப்போனது. "போச்சா?" என்றார். "சித்த பொறுத்திருக்கலாமில்ல அம்மிணி. உன்ற மொறை முடியலையே."

"என்ன மொறைங்க?"

மூச்சு வந்த பிறகுதான் அவரால் சொல்ல முடிந்தது. நான் அழுத அன்று ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார். என் கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்த நாளெல்லாம் அவர் அறையில் விளக்கு மங்கவில்லை. என் விசிறி இரைந்தால் மங்குகிறது. அவர் மெசினும் கூடச் சேர்ந்து ஓடினால் இன்னும் மங்குகிறது. கொஞ்ச நேரத்தில் என் பெட்டி விழுந்துவிடுகிறது. அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து என் விசிறி இரையத் தொடங்கினால் அவர் மெசினை அணைத்துவிடுவார். என் சத்தம் நின்றால் போட்டுக்கொள்வார். நான் எழுந்து வந்து பார்க்கும்போது எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். என் இரைச்சலில் அவர் மெசின் நின்றது எனக்கு ஒரு நாளும் கேட்கவில்லை.

எங்கள் தோட்டத்துக் கிணறு கூட்டுக் கிணறு. அவருக்கும் இரண்டு பங்காளிகளுக்கும் பொது. ஆளுக்கொரு மோட்டார், ஆனால் அந்த லைனில் இரண்டு மோட்டார் சேர்ந்து ஓடினால் வோல்டேஜ் படுத்துக்கொள்ளும், இரண்டிலும் உள்ளே காயில் கருகிவிடும். அதனால் முறை. யாரும் கிணற்று மேட்டில் காவல் இருப்பதில்லை. வீட்டிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பார்கள். பங்காளி மோட்டார் சத்தம் நின்றால் நம் முறை. எங்கே எந்த வேலையில் இருந்தாலும், சாப்பிட்டுக்கொண்டே இருந்தாலும், அவர் காது அந்தச் சத்தத்தில்தான் இருக்கும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் தண்ணி கட்டியிருக்கிறார். கரண்டு ஒன்று, ஓட வேண்டியது இரண்டு என்றால் அவருக்கு முறைதான் வழி. அதைத்தான் இங்கேயும் செய்திருக்கிறார். ஓட வேண்டியதில் ஒன்று தன் மூச்சு என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

கிணற்றிலும் அவர் இப்படித்தான். பங்காளி, "அண்ணா, கடலை காயுதுங்க, இன்னும் சித்த நேரம் ஓட்டிக்கட்டுமா?" என்று கேட்டால், "ஓட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு நம் தென்னை காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான்தான் சேலையைச் சொருகிக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போய் நிற்பேன். "நிறுத்துங்க மோட்டாரை, எங்க மொறை" என்று நான் கத்தினால் பங்காளிகள் பேசாமல் நிறுத்திவிடுவார்கள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவர் முறைக்கு நான்தான் சண்டைக்காரி. இந்தத் தடவை அவர் முறையைத் தின்றவள் யார் என்று நினைத்தால் எனக்கு யாரிடம் போய்க் கத்துவது என்று தெரியவில்லை.

அவரிடம்தான் கத்தினேன். "வாயில்லையா உங்களுக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒயரை மாத்தியிருப்பனில்ல? நான் என்ன உங்க மூச்சை எடுத்துத்தான் சம்பாரிக்கோணும்னு நின்னனா?"

"சொன்னா நீ வேலையை நிறுத்திப்போடுவே" என்றார். "நிறுத்தீட்டு என்ன பண்றது?"

அவர் சொன்னது உண்மை. சொல்லியிருந்தால் அந்தக் கணமே கார்டைப் பிடுங்கிக் களத்தில் எறிந்திருப்பேன். அடுத்த மாதம் என்ன என்று யோசித்திருக்க மாட்டேன். என் கோபம் அப்படிப்பட்டது. அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அவர் யோசித்திருக்கிறார், எனக்கும் சேர்த்து. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தார். தட்டு வெட்டுகிற மெசினுக்காக அந்தக் காலத்தில் இழுத்த ஒரே ஒயரிலிருந்துதான் இரண்டு அறைக்கும் கரண்டு வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்த ஒரு ஒட்டு, உள்ளே கரிந்துபோயிருந்தது. லோடு ஏறினால் அங்கேதான் கரண்டு திணறியிருக்கிறது. மீட்டரிலிருந்து தடிமனான ஒயர் புதிதாக இழுத்து, அவர் மெசினுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது.

கோயமுத்தூர் டாக்டர் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார். வலது பக்கம் பெருத்துவிட்டது என்றார். மெசினை இனி ராப்பகலாகப் போட வேண்டும், கழற்றவே கூடாது. போனது போனதுதான், இருப்பதை இழுத்துப் பிடிப்போம் என்றார். நடந்ததை நான் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டார். "ரெண்டும் சேந்து ஓடலீங்களே" என்றார் இவர், டாக்டருக்கு இது கூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி.

புது ஒயரில் இரண்டையும் சேர்த்து ஓட்டிக் காட்டினேன். கார்டு முழு வேகத்தில் இரைந்தது, மெசினும் ஓடியது, விளக்கு மங்கவில்லை. "பாத்தீங்களா? இனி மொறையெல்லாம் இல்லீங்க. ரெண்டு பேரும் எப்ப வேணும்னாலும் ஓட்டிக்கலாம்" என்றேன். பார்த்தார், சரி என்றார். ஒரு மணி நேரம் கழித்து வேலை நடுவில் போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு அணைந்திருந்தது. ஏனுங்க என்றால், தெரியலையே, கை போயிருக்குது என்றார். சத்தம் கேட்டால் கை போய்விடுகிறது. சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன், தூக்கத்தில் பிய்த்துவிட்டார். கார்டைக் கழற்றி விற்றுவிடலாம் என்று இரண்டு தடவை பெட்டியைத் திறந்தேன். விற்றால் ஆஸ்பத்திரிக்கு எதை வைத்துப் போவது?

கடைசியில், தூசி படாமல் அவரையும் மெசினையும் வீட்டுப் பக்கம் மாற்றிவிட்டு, நடுச்சுவரை இடித்தேன். ஆள் வரும் முன்னாலேயே நானே கடப்பாரையை எடுத்தேன், நாலு போட்டேன், அப்புறம் ஆள் வந்து மிச்சத்தை இடித்தார். மேசையை அவர் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டேன். இப்போது திரையிலிருந்து கண்ணை எடுத்தால் பச்சை விளக்கு தெரியும். கார்டின் இரைச்சல் அவருக்கு இன்னும் பக்கத்தில், ஆனால் கையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுவிட்சை நோக்கிப் போனால் "மாமா" என்பேன், கை திரும்பிவிடும். சில நாள் நான் வரைகிற வீட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். "இந்த ஊட்டுல கட்டுத்தறி எங்க?" என்று கேட்பார். இல்லாத வீட்டுக்கும் ஒரு கட்டுத்தறி போட்டுக் காட்டுவேன். கொஞ்ச நேரம் அதைப் பார்ப்பார். அப்புறம் தூங்கிவிடுவார்.

இப்போதெல்லாம் தூக்கம்தான் அதிகம். பேச்சு குறைந்துவிட்டது, நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது.

போன வாரம் ஒரு பெரிய வீட்டின் வீடியோ முடிந்தது. விசிறி மெல்ல மெல்ல அடங்கியது. அறை அமைதியானது. கண் மூடியபடியே அவர் கை எழுந்தது, சுவிட்சைத் தேடிப் போய் அழுத்தியது. மெசின் நின்றுவிட்டது. ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. சத்தம் நின்றதே, எதற்கு அணைக்கிறார்? அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். காத்திருந்தது கிடைத்துவிட்ட முகம். அவர் அணைக்கவில்லை. தன் முறை வந்துவிட்டது என்று போட்டுக்கொண்டிருக்கிறார். ஓடிக்கொண்டிருந்ததை அழுத்தினால் அணையும் என்பதெல்லாம் அவர் நினைவில் இப்போது இல்லை.

எழுந்து சுவிட்சைப் போட்டேன். கண்ணைத் திறந்தார்.

"உன்றது முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க மாமா."

"அப்ப நான் போட்டுக்கறேன்" என்று மறுபடி கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "போட்டாச்சுங்க. ஓடிட்டுத்தான் இருக்குது" என்றேன். நம்பினாரோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டார். கை குளிர்ந்திருந்தது. விட மனசு வரவில்லை.

அன்றைக்கே அனுப்ப வேண்டிய இன்னொரு வீடு இருந்தது. நாற்காலியை இழுத்துக்கொண்டு, வலது கையில் அவர் கையை வைத்தபடி இடது கையால் மவுசை நகர்த்தி அதைத் தொடங்கினேன். கார்டின் விசிறிகள் மெல்ல எழுந்து இரையத் தொடங்கின. என் பிடிக்குள் அவர் விரல்கள் அசைந்தன, எனக்கு விட்டுக்கொடுக்கச் சுவிட்சை நோக்கி. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.